திட்டினால் கேட்கும் கணினி

மொழிபெயர்ப்பாளருக்கு வலது மணிக்கட்டில் கட்டு. ஃப்ரிட்ஜ் கையேட்டையோ மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். வேறு வழியில்லாமல், வாயால் சொல்லச் சொல்லக் கணினியே தட்டச்சு செய்யட்டும் என்று விட்டாள். மைக்கை உதட்டருகே இழுத்து, பிள்ளைக்குச் சோறூட்டுகிற பொறுமையோடு, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அதுவோ பாதிக்குப் பாதி தப்பாக எழுதித் தள்ளியது. இன்னும் மெதுவாகச் சொன்னாள். இன்னும் மோசமானது.

பொறுமை போயே போய்விட்டது.

"உனக்கெல்லாம் யாரு வேலை குடுத்தது? காலையிலேர்ந்து தொண்டைத் தண்ணி வத்தக் கத்துறேன், காதுல என்ன பஞ்சா அடைச்சு வெச்சிருக்கே?" என்று மூச்சுவிடாமல் பொரிந்தாள்.

திரையைப் பார்த்தவள் துள்ளி எழுந்தாள். திட்டு முழுக்க அப்படியே விழுந்திருந்தது! வார்த்தைகளைத் துண்டு துண்டாகக் கொடுத்தால் திணறுகிற கணினி, முழு வாக்கியமாகக் கொட்டினால் முன்பின் பார்த்துச் சரியாகப் பிடித்துக்கொள்கிறது.

பிறகென்ன? இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கையேட்டையே திட்டுவது போலச் சொல்லத் தொடங்கினாள்.

"கதவை நெடுநேரம் திறந்து வைக்காதீர்கள்! சூடான பாத்திரத்தை அப்படியே உள்ளே தள்ளாதீர்கள்!"

வரிகள் பிழையின்றி ஓடின. அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. குரல் இன்னும் ஏறியது.

அடுப்படியிலிருந்து கணவர் பதறினார்: "மூடிட்டேன்மா, மூடிட்டேன்! பாத்திரத்தையும் வெளியே எடுத்துட்டேன்!"

பாத்திர எச்சரிக்கைக்குக் கீழே, அதுவும் ஓர் எழுத்துப் பிசகாமல் வந்து விழுந்தது.