எட்டாம் நாள் இறங்கினவர்

கண்ணாடிக் கடை வச்சிருக்கிற எனக்குப் பவர் பார்க்கிறது ஒரு தொழில்னா, கதை அளக்கிறது இன்னொரு தொழில். அதுலயும் மலைக் கதைன்னா கேக்கவே வேண்டாம். ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி நானும் என் மனைவியோட அண்ணனும் பனி மலையில ஒரு பெரிய கணவாயைத் தாண்டப் போனோம். எட்டாவது நாள், நாலாயிரத்து அறுநூறு மீட்டர் உயரத்துல, கூடாரத்துக்குள்ள ஒரு ஆளுக்குத் தலைவலி, வாந்தி, அழுகை. "நான் செத்துடுவேன், என்னைக் கீழ இறக்கிடுங்க"ன்னு ஒரே புலம்பல். இன்னொரு ஆள் கணவாய் ஆசையை அங்கயே விட்டுட்டு, ரெண்டு பையையும் மாட்டிக்கிட்டு, அவரைத் தோள்ல சாய்ச்சு இறக்கிக் கொண்டு வந்தார். அந்த இன்னொரு ஆள் நான்தான்னு ஊர் பூரா சொல்லி வச்சிருந்தேன்.

வாந்தி எடுத்தது நான். இதை இப்பவே சொல்லிடறேன், இல்லாட்டி இங்கயும் பூசி மெழுகிடுவேன்.

எப்படி ஆரம்பிச்சுதுன்னா, வீட்டு வாசல்ல. அப்ப எங்களுக்குக் கல்யாணம் ஆகி மூணு மாசம். சொன்ன தேதிக்கு ரொம்ப முன்னாடியே ரெண்டு பேரும் திரும்பி வந்து நிக்கிறோம். மனைவி கதவைத் திறந்து, "என்ன ஆச்சு, யாருக்கு என்ன?"ன்னு பதறினா. அவ கண்ணு முதல்ல என் மேலதான் விழுந்துச்சு. நான் வாயைத் திறந்தேன். "உங்க அண்ணனுக்குத்தான் முடியல. விட்டுட்டுப் போக மனசு வரல"ன்னு வந்துச்சு. யோசிச்சுச் சொல்லியிருந்தா கூடப் பரவாயில்ல, தானா வந்துச்சு. பின்னாடி நின்ன மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் தங்கச்சியைப் பார்த்தார். "ஆமாம்மா, எனக்குத்தான்"னார். அந்த ஒரு 'ஆமா'வை வச்சுத்தான் ஒன்பது வருஷம் ஓட்டினேன்.

சும்மா ஓட்டல. கண்ணு, காது, மூக்கு வச்சு ஓட்டினேன். முதல் வருஷக் கதையில மச்சான் ரெண்டு தடவை வாந்தி எடுத்தார். அஞ்சாவது வருஷத்துக்குள்ள அது ஏழு தடவை ஆயிடுச்சு. எங்க மகளுக்கு இப்ப எட்டு வயசு. வீட்டுல நாலு பேர் கூடினா போதும், மாமா மாதிரி வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணைச் சொருகி, "மாப்பிள்ளை, நான் செத்துடுவேன், என்னைக் கீழ இறக்கிடுங்க"ன்னு நடிச்சுக் காட்டுவா. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்போம். முதல்ல கை தட்டுறது யாருன்னா, மச்சான்தான். அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் ஓடாத கட்டடத்துக்குத்தானே அவரைக் கூப்பிடுவாங்க, அதனால நாள் முழுக்கக் கருவிப் பையோட படி ஏறுற மனுஷன். அவர் உடம்பைப் பார்த்தாவது யாருக்காவது சந்தேகம் வந்திருக்கணும். வரல. அவ்வளவு நல்லாச் சொல்லியிருக்கேன்.

இந்த வருஷம் மறுபடியும் ஒரு குழு சேர்ந்துச்சு. அதே மலை, அதே கணவாய், இருபத்திரண்டு நாள் நடை, ஆறு பேர். தலைமை ஒரு நர்ஸ். தீவிர சிகிச்சைப் பிரிவுல பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவங்க, நாலு கணவாய் தாண்டினவங்க. எல்லாரும் அவங்களைக் 'கேப்டன்'னுதான் கூப்பிடுவோம். கூட்டம் ஞாயித்துக்கிழமை காலையில, என் கடையில. ஷட்டரைப் பாதி இறக்கிட்டு, ஃபிரேம் அடுக்கி வச்ச கண்ணாடி மேசை மேல வரைபடத்தை விரிப்போம். எந்த நாள் எங்க படுக்கிறது, மூணு நாளைக்கு ஒரு தடவை எங்க ஓய்வு, கேஸ் அடுப்பை யார் சுமக்கிறது, விரல்ல மாட்டி ஆக்சிஜன் பார்க்கிற கருவி யார் பையில இருக்கணும், எல்லாம் அங்கதான் முடிவாகும். "எவ்வளவு உயரம் வேணாலும் ஏறிப் பாருங்க, ஆனா படுக்கிறதுக்குக் கீழ வந்துடணும்"னு கேப்டன் ஒவ்வொரு வாரமும் சொல்லுவாங்க.

என் கதையைக் கேட்டுட்டு அவங்க எனக்குக் கொடுத்த வேலை என்ன தெரியுமா? வால் வேலை. வரிசையில கடைசியா நடந்து, முடியாதவங்களைக் கவனிச்சுக் கூட்டிட்டு வர்றது. "மச்சானையே சுமந்தவர், உங்களை விட்டா யாரு?"ன்னாங்க. நானும் வெக்கமே இல்லாமத் தலையாட்டினேன். ஆனா உயரத்துல தலைவலி, வாந்தி வராம இருக்கிறதுக்கான மாத்திரையை ரகசியமா வாங்கி, ஒரு பழைய கண்ணாடிக் கூட்டுக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தேன்.

மூணாவது கூட்டத்துல கேப்டன் ஆளுக்கு ஒரு படிவம் கொடுத்தாங்க. அதுல ஆறாவது கேள்வி: 'உயரத்தில் உடல்நலம் கெட்டு எப்போதாவது இறங்கி வந்ததுண்டா?' நான் 'இல்லை'ன்னு எழுதினேன். எழுத்து கூட அழகா வந்துச்சு.

கேப்டன் ஒவ்வொண்ணாப் படிச்சுக்கிட்டே வந்தவங்க, ஒரு தாள்ல நின்னுட்டாங்க.

"மெக்கானிக் சார், ஆறாவது கேள்விக்கு 'இல்லை'ன்னு போட்டிருக்கீங்க?"

"ஆமாங்க"ன்னார் மச்சான்.

"எட்டாவது நாள் கதை எங்க எல்லாருக்கும் தெரியுமே. உங்க மாப்பிள்ளையே சொல்லியிருக்காரே."

மச்சான் என்னைப் பார்த்தார். கோபமாப் பார்த்திருந்தா நல்லா இருந்திருக்கும். 'இப்பவாவது'ங்கிற மாதிரி பார்த்தார். நான் ஒரு லென்ஸை எடுத்துத் துணியால துடைச்சேன். அதுல ஒரு தூசி கிடையாது.

"மறந்துட்டேங்க"ன்னார்.

"இது மறக்கிற விஷயமா சார்? முடியாமப் போனது தப்பே இல்ல. 'ஆம்'னு போட்டிருந்தா ரெண்டு ஓய்வு நாள் சேர்த்து இருபத்துநாலு நாளாப் போட்டிருப்பேன், அவ்வளவுதான். ஆனா படிவத்துல பொய் எழுதுற ஆளை மேல கூட்டிட்டுப் போக மாட்டேன். தலை வலிக்குதான்னு கேட்டா இல்லைம்பாங்க, விடிஞ்சு பார்த்தா ஆளே இருக்க மாட்டாங்க. மன்னிச்சுக்குங்க."

மச்சான் எழுந்தார். ஒரு வருஷமா இதுக்காகவே பூட்ஸ் வாங்கிக் கால்ல பழக்கிக்கிட்டு இருந்தவர். பதினாலு கிலோ பையோட தினம் படி ஏறி இறங்கினவர். அடுத்த வருஷம் அம்பது முடியுது, இனிமே போக முடியுமோ என்னமோன்னு அவரே சொல்லியிருந்தார். "சரிங்க, நீங்க சொல்றது நியாயம்தான்"னு சொல்லிட்டு, போற போக்குல என்கிட்ட, "மாப்பிள்ளை, ஷட்டர் கொக்கி லேசா வளைஞ்சிருக்கு, பார்த்து இறக்குங்க"ன்னார். நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. ஆனா அந்த நாக்கு அசையல.

வீட்டுக்கு வந்து மனைவிகிட்ட, மச்சான் மலைக்கு வரலைங்கிறதை மட்டும் சொன்னேன். ஏன்னு கேட்டா. படிவத்தைப் பத்திச் சொன்னேன். மனைவி சாப்பாட்டைப் போட்டு வச்சுட்டு அண்ணனுக்குப் போன் போட்டா, ஸ்பீக்கர்ல.

"இந்த வயசுல பொய் எழுதிக் கொடுப்பியாண்ணே? மானத்தை வாங்கிட்டியே. உன்னைச் சுமந்து கொண்டு வந்த மனுஷனை அத்தனை பேர் முன்னாடி தலைகுனிய வச்சுட்ட. அவர் முகத்தைக் கொஞ்சமாவது நினைச்சுப் பார்த்தியா?"

"தப்புதான்மா. அவர்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு"ன்னு குரல் வந்துச்சு.

ஒன்பது வருஷமா அவர் தலையில நான் கட்டினது வாந்தி, அழுகை மட்டும்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். இப்பப் பொய்யன்கிற பேரையும் சேர்த்துக் கட்டியாச்சு. அதையும் அவர் வாங்கிக்கிட்டார். நான் மனுஷனே இல்லைன்னு தோணுச்சு.

மறுநாள் அவர் வேலை பார்த்த கட்டடத்தைத் தேடிப் போனேன். லிஃப்ட் நின்னு போய்த்தானே அவர் வந்திருக்கார், பதினோரு மாடி நடந்தேன். ஏழாவது மாடிக்குள்ள ரெண்டு தடவை உட்கார்ந்தேன். வால் வேலைக்கு வந்த ஆள்! மேல மோட்டார் அறையில மச்சான் கிரீஸ் கையோட உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் தண்ணி பாட்டிலை நீட்டினார்.

"என் ஸ்லீப்பிங் பேகை எடுத்துக்குங்க மாப்பிள்ளை. உங்களோடது அந்தக் குளிருக்குத் தாங்காது"ன்னார்.

"மச்சான், நீங்க ஏன் அன்னைக்கே சொல்லல?"

கையைத் துணியில துடைச்சுக்கிட்டே இருந்தார். "வாசல்ல நீங்க அப்படிச் சொன்னதும் தங்கச்சி உங்களைப் பார்த்தா பாருங்க. அப்படி அவ யாரையும் பார்த்து நான் பார்த்ததில்ல. அதைக் கெடுக்க மனசு வரல. நீங்களே ஒரு நாள் சொல்லிடுவீங்கன்னு இருந்தேன். அப்புறம் பாப்பா வேற நடிக்க ஆரம்பிச்சுட்டா."

"நேத்து?"

"கேப்டன் சொன்னது வலிக்கல. தங்கச்சி சொன்னதுதான் கொஞ்சம்..." ஸ்பேனரை எடுத்து ஒரு நட்டை முறுக்கினார்.

"ஞாயித்துக்கிழமை வந்து அந்த ஷட்டர் கொக்கியைச் சரி பண்ணிக் கொடுங்க மச்சான்"னு மட்டும் சொல்லிட்டு வந்தேன். நேரா வாங்கன்னு கூப்பிடக் கூட எனக்கு வாய் வரல.

ஞாயித்துக்கிழமை எல்லாரும் வந்தாங்க. மனைவியையும் வரச் சொல்லியிருந்தேன். மகளை மட்டும் நீச்சல் வகுப்புக்கு அனுப்பிட்டேன், அதுவும் கோழைத்தனம்தான். மச்சான் கொரடும் கையுமா வாசல்ல குந்தியிருந்தார். நான் கேப்டன்கிட்ட என் படிவத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கி, ஆறாவது கேள்வியில 'இல்லை'யை அடிச்சுட்டு 'ஆம்'னு எழுதினேன். கண்ணாடிக் கூட்டைத் திறந்து மாத்திரையை மேசை மேல வச்சேன். கூட்டத்துல யாரையும் பார்க்காம, சுவத்துல இருக்கிற எழுத்து அட்டையைப் பார்த்துக்கிட்டே, எட்டாவது நாள் என்ன நடந்துச்சுன்னு முதல் தடவையா நடந்தபடி சொன்னேன். சின்னக் கதைதான். அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சு போச்சு.

மனைவி கத்தல. "எத்தனை தடவை?"ன்னு கேட்டா.

"என்னது?"

"வாந்தி."

"ரெண்டு"ன்னேன்.

தலையை ஆட்டினா. அப்புறம் வாசலுக்குப் போனா. அண்ணன் சட்டைப் பட்டனைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. அவர் கிரீஸ் படாம முழங்கையால அவ தலையைத் தொட்டார். அதுக்கு மேல நான் அந்தப் பக்கம் பார்க்கல, பார்க்கிற தகுதி எனக்கு இல்ல.

கேப்டன் ரெண்டு படிவத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சாங்க. "மெக்கானிக் சார், உங்களைப் பொய்யர்னு சொல்லிட்டேன், மன்னிக்கணும். வால் வேலை உங்களுக்கு"ன்னாங்க. அப்புறம் என்கிட்ட, "நீங்க திருத்தினது நல்லது. ஆனா சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்"னாங்க. நானும் "நியாயம்தாங்க"ன்னேன். மச்சான் சொன்ன அதே வார்த்தை. அப்புறம் வரைபடத்தை விரிச்சு, விட்ட இடத்துல இருந்து திட்டத்தை ஆரம்பிச்சாங்க. கோடு ரொம்பப் பொடிசா இருக்குன்னு யாரோ பூதக்கண்ணாடி கேட்டாங்க. எடுத்துக் கொடுத்துட்டு ஓரமா நின்னேன்.

மகளுக்கு மட்டும் அப்பவும் தெரியாது. "நான் சொல்ல மாட்டேன். நீங்க கட்டின கதை, நீங்களே பிரிங்க"ன்னு மனைவி சொல்லிட்டா. இன்னைக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னு மூணு வாரம் கடத்தினேன். கிளம்புற நாளும் வந்துடுச்சு.

பேருந்து நிலையத்துல என்னோடது இல்லாம அஞ்சு பையும் வரிசையா நிக்குது. மாமாவை வழியனுப்ப மகளும் வந்திருந்தா. நான் பயந்தபடியே, எல்லாரும் கூடி நிக்கிறதைப் பார்த்ததும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணைச் சொருகி, "மாப்பிள்ளை, நான் செத்துடுவேன், என்னைக் கீழ இறக்கிடுங்க"ன்னா. ஒருத்தரும் சிரிக்கல. குழந்தை சுத்திச் சுத்திப் பார்த்துச்சு. மச்சான் அவளுக்காகக் கையைத் தூக்கினார், தட்டுறதுக்கு.

"அது மாமா இல்லடா கண்ணு. அப்பா"ன்னேன்.

"எது?"

"வாந்தி எடுத்தது."

"அழுதது?"

"அதுவும் அப்பாதான்."

"அப்போ பையைத் தூக்கிட்டு வந்தது?"

"மாமா."

நான் எதிர்பார்த்த மாதிரி அவ கோபப்படல, அழல. "அப்போ நான் தப்பா நடிச்சிருக்கேன்"ன்னா. தப்பாச் செய்த வீட்டுப் பாடத்தைத் திருத்துற மாதிரி மறுபடியும் வயித்தைப் பிடிச்சா, கண்ணைச் சொருகினா, தொண்டையைக் கனைச்சு என் குரலைக் கொண்டு வந்தா.

"மச்சான், நான் செத்துடுவேன், என்னைக் கீழ இறக்கிடுங்க."

அன்னைக்குக் கூடாரத்துல நான் சொன்னது அதேதான், ஒரு எழுத்து மாறல. மச்சான் தூக்கின கை அப்படியே இறங்கிடுச்சு. இத்தனை வருஷமா முதல் ஆளாக் கை தட்டினவர் அன்னைக்குத் தட்டல, குனிஞ்சு பூட்ஸ் கயித்தைக் கட்ட ஆரம்பிச்சார்.