நோட்டில் வராத முகம்

பிரதமராக இருந்தவர் இறந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. புது ரூபாய் நோட்டில் அவர் முகத்தைப் போட அரசாங்கம் முடிவு செய்து, அவர் மனைவியின் சம்மதம் கேட்க ஓவியரை அனுப்பியது.

அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பென்சில் படத்தை வெகுநேரம் பார்த்தார். இடது காது லேசாக மடங்கியிருப்பதைக்கூட ஓவியர் விட்டுவிடவில்லை.

"அப்படியே அவருதான். ஆனா நோட்டுல வேண்டாம் தம்பி."

ஓவியருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏம்மா? எவ்வளவு பெரிய கௌரவம்!"

"எதிர்வீட்டு தையல்காரருக்கு இவர் பேரைக் கேட்டாலே பத்திக்கிட்டு வரும். இவர் மூடச் சொன்ன மில்லுலதான் அவரு வேலை பார்த்தாரு. அந்த மனுஷன் மாத்திரை வாங்கப் போனாலும் இவர் முகத்தைச் சட்டைப்பையில சுமக்கணுமா? திட்டினவங்களும், தலையில தூக்கி வெச்சு ஆடினவங்களும் போய்ச் சேரட்டும். அப்புறம் வர்ற பிள்ளைங்களுக்குத் தோணினா போட்டுக்கட்டும்."

"உங்களுக்கு ஆசையே இல்லையாம்மா?"

"இல்லாமலா? ஆனா நாற்பது வருஷம் அவரை ஊருக்குக் கொடுத்துட்டு உக்காந்திருந்தேன். இனிமேலாவது வீட்டுல இருக்கட்டுமே."

ஓவியர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. படத்தை அவரிடமே கொடுத்துவிட்டுப் போனார். நோட்டில் கடைசியில் ஒரு கொக்குதான் வந்தது.

அம்மாள் படத்தைச் சாப்பாட்டு மேசைக்கு எதிரே தானே மாட்டினார். தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"இன்னிக்காவது நேரத்தோட சாப்பிட வந்தீங்களே!"