நம்பிச் சாப்பிட்ட மதியம்

பொய்ப்பல் செய்யும் கூடத்தில் வேலை பார்த்ததால் தெருவில் அவளுக்குப் பல்லுக்காரி என்றே பெயர். அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். "என்னிக்கா இருந்தாலும் உங்க பல்லு என் கைக்குத்தான் வரணும், பாத்துப் பேசுங்க" என்று சிரிப்பாள். ஊரார் மெல்லுவதற்கு வழி செய்தவளுக்குத் தன் சாப்பாடுதான் எமனாக வந்து வாய்த்தது. கல்யாணமான புதிதிலிருந்தே வயிற்று வலி, ரத்தசோகை, சீப்பை வைத்தால் கொத்துக் கொத்தாக முடி. பார்க்காத வைத்தியம் இல்லை. கடைசியில் ஒரு டாக்டரம்மாதான் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்து விஷயத்தைச் சொன்னாள். கோதுமையில் குளூட்டன் என்று ஒன்று இருக்கிறது; அது பட்டால் இவளுடைய குடல் புண்ணாகிவிடுகிறது. மருந்து கிடையாது. ஆயுசுக்கும் கோதுமை ஒரு பொட்டுகூட உள்ளே போகக்கூடாது.

அதன்பின் உடம்பு தேறிவிட்டது. வெளியே சாப்பிடப் போவதுதான் பெரும்பாடு. எதில் மாவு கலந்திருக்கிறது, எந்தக் கரண்டியால் கிளறினார்கள் என்று அவள் பரிமாறுபவர்களைத் துருவித் துருவிக் கேட்பாள். அந்த நேரம் பார்த்து அவள் கணவனுக்கு ஜன்னலுக்கு வெளியே ஏதாவது வேடிக்கை கிடைத்துவிடும்.

அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். தங்கமான மனுஷன் என்று எல்லோரும் சொல்வார்கள், பொய்யில்லை. மாடியிலிருக்கும் வயசானவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாலும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். அவனுடைய அக்காதான் வாயைச் சும்மா வைத்துக்கொள்ள மாட்டாள்.

"ரொட்டி தின்னு செத்தவங்க யாராவது உண்டாடா? எல்லாம் மனசுதான். நீ தாங்கு தாங்குன்னு தாங்கற, அவ தலைமேல ஏறி உக்காந்துக்கிட்டா."

அவன் சிரித்து மழுப்புவான். இல்லையென்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. சமையலறையில் நின்றபடி அவள் அதைக் கவனித்திருக்கிறாள். கவனித்ததை மென்று முழுங்கியும் இருக்கிறாள்.

அப்படிப்பட்டவன், கல்யாணமாகிப் பத்து வருஷம் நிறைவதற்குப் பெருநகரத்துக்குப் போய் இரண்டு நாள் தங்கி ஊரைச் சுற்றிப் பார்க்கலாம் என்று தானாகவே சொன்னபோது அவளால் நம்ப முடியவில்லை. அதோடு விடவில்லை.

"சாப்பாட்டுக்குக் கவலப்படாத. உனக்குன்னே ஒரு ஹோட்டல் பாத்து வெச்சிருக்கேன். கோதுமை இல்லாம தனியாவே செஞ்சு தர்றாங்களாம்."

"நீங்களா தேடுனீங்க?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரனா தேடுவான்?"

ரயிலில் போகும்போது அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். அப்படிச் சாய்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

முதலில் அருங்காட்சியகத்துக்குப் போனார்கள். ஒரு கண்ணாடிப் பெட்டியில் யானைத் தந்தத்தில் கடைந்த பழங்காலப் பல்செட் ஒன்று இருந்தது. அவள் மூக்கு கண்ணாடியில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள். "இதப் போட்டுக்கிட்டு மனுஷன் எப்படித் தின்னிருப்பாரு? பொண்டாட்டிகிட்ட பேசாம இருக்கறதுக்கு வேணா நல்லா உதவியிருக்கும்." அவன் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு மணிக்கூண்டு. அங்கே இரும்புக் கதவு வைத்த பழைய லிஃப்ட் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதன் கம்பிக்கயிற்றை அண்ணாந்து பார்த்து, ஓட்டுகிறவரிடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டான். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவளுக்கு வெட்கமும் பெருமையுமாக இருந்தது.

மதியம் அந்த ஹோட்டலுக்குப் போனார்கள். தங்கியிருந்த விடுதிக்கு இரண்டு தெரு தள்ளி, சின்ன இடம்தான். வாசலில் அவளை நிறுத்தினான்.

"நீ இங்க பூத்தொட்டியப் பாத்துக்கிட்டு நில்லு. நான் உள்ள போய் எல்லாம் பேசிட்டு வந்துடறேன். இன்னிக்கு ஒருநாளாவது நீ யாருகிட்டயும் ஒண்ணும் கேக்க வேணாம்."

அவள் சிரித்துக்கொண்டே பூத்தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். உட்கார்ந்ததும் கெட்டியான காளான் சூப் வந்தது, அடுத்து மீன், கடைசியில் மூன்றடுக்கு சாக்லேட் கேக். பரிமாறிய பெண் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டுப் போனாள். சந்தேகப்படாமல், ஓரத்தைச் சுரண்டிப் பார்க்காமல், முதல் வாயை நாக்கில் வைத்துக் காத்திருக்காமல் அவள் சாப்பிட்டாள். அப்படிச் சாப்பிடுவது எவ்வளவு சுகம் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. கேக்கைத் தின்றுவிட்டுத் தட்டையும் வழித்தாள்.

"கோதுமை இல்லாம இவ்வளவு மெத்துன்னு எப்படிங்க பண்றாங்க?"

"அவங்க தொழிலு அது." அவன் தட்டில் மீன் பாதி அப்படியே கிடந்தது. "உனக்கு எப்படி இருக்கு?"

"அமிர்தமா இருக்கு."

"அதக் கேக்கல. வயிறு?"

"வயித்துக்கு என்ன? நல்லாத்தான் இருக்கு."

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். முகத்தில் ஒரு தெளிவு வந்தது. ஃபோனை எடுத்து யாருக்கோ ஏதோ தட்டினான். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்து ஆற்றில் படகுச் சவாரி. முதல் பாலத்தைத் தாண்டும்வரை ஒன்றுமில்லை. அவன் இரண்டு முறை "எப்படி இருக்கு?" என்று கேட்டான், இரண்டு முறையும் அவன் கையைத் தட்டிக்கொடுத்தாள். இரண்டாவது பாலத்துக்குள் நுழைந்தபோது அடிவயிற்றை யாரோ துணி பிழிவதுபோல் முறுக்கினார்கள். படகின் கழிப்பறைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, மறுபடி வாந்தி. வெளியே மூன்று மொழிகளில் கரையோரத்துக் கட்டடங்களைப் பற்றி ஒலிபெருக்கி விளக்கிக்கொண்டிருந்தது. தரையில் சரிந்து, ஈரமான சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு கிடந்தாள். அவன் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

விடுதிக்குக் கொண்டுவந்து படுக்க வைத்தான். வாளி பிடித்தான், முகம் துடைத்தான், உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்தான். கையும் ஓடாமல் காலும் ஓடாமல் அவன் நின்ற நிலையைப் பார்த்து அவள்தான் ஆறுதல் சொன்னாள்.

"நீங்க என்ன பண்ணுவீங்க? சமையல்கட்டுல யாரோ கரண்டிய மாத்திப் போட்டிருப்பாங்க."

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் எழுந்து நிற்க முடிந்தது. அவன் குளித்துக்கொண்டிருந்தான். சண்டை போட வேண்டும் என்றெல்லாம் அவளுக்கு எண்ணமில்லை. தன்னைப்போல் இன்னொருத்தி அங்கே வந்து சாப்பிட்டுவிடக் கூடாதே என்றுதான் சுவரைப் பிடித்துப் பிடித்து அந்த இரண்டு தெருவையும் நடந்தாள்.

நேற்றுப் பரிமாறிய பெண் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளுத்து உள்ளே ஓடி, சமையல்காரரைக் கூட்டிவந்தாள். பருத்த மனிதர், கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"அம்மா, எங்ககிட்ட அதுக்குன்னு தனி அடுப்பு, தனி சட்டி இருக்கு. ஆனா உங்களுக்கு அதுல செய்யலயே."

"ஏன்?"

அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"உங்க வீட்டுக்காரர்தான் சாதாரண சூப்பும் சாதாரண கேக்கும் கொண்டுவரச் சொன்னாரு. உங்களுக்கு எல்லாம் சரியாயிடுச்சு, டாக்டரே சொல்லிட்டாரு, ஆனா நீங்க இன்னும் பயப்படறீங்கன்னாரு. சாப்பிட்டு முடிச்சப்புறம் அவரே சொல்லிக்கறேன், நீங்க மேஜைல ஒண்ணும் பேசாதீங்கன்னாரு. நானும் ஏதோ நல்ல விஷயம்னு…"

சமையல்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார். பல்லுக்காரி உட்காரவில்லை.

அறைக்குத் திரும்பியபோது அவன் தலை துவட்டிக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் துண்டு கையிலேயே நின்றது.

"அங்கயா போயிட்டு வர்ற?"

"ஆமா."

கட்டிலில் உட்கார்ந்தான். "ஒரே ஒரு தடவதான். தெரிஞ்சுக்கணும்னு நெனச்சேன். அக்கா தினம் தினம் காதுல ஓதிக்கிட்டே இருக்கா. ஒரு தடவ தெரியாமக் கொடுத்துப் பாரு, ஒண்ணும் ஆகாது, அப்புறம் அவளுக்கும் பயம் போயிடும்னா. நான் உன் நல்லதுக்குத்தான்…"

"வீட்லயே கொடுத்திருக்கலாமே."

"வீட்ல நீதான் சமைக்கற." சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. அவசரமாக எழுந்து வந்தான். "இப்ப நம்பறேன். சத்தியமா நம்பறேன். இனிமே யாராவது ஒரு வார்த்த சொல்லட்டும், பாரு."

"என் வயிறு ரெண்டு நாள்ல சரியாப் போயிடுங்க. மேஜைல உக்காந்து நான் எவ்வளவு சந்தோஷமா இருந்தேன்? எதுர்ல உக்காந்து அத நீங்க பாத்துக்கிட்டுதான இருந்தீங்க?"

அவன் அழுதான். அவளுக்கு அழுகை வரவில்லை. பையில் துணியை மடித்து வைத்தாள்.

ரயிலில் அக்காவின் ஃபோன் வந்தது. அவள் தூங்குகிறாள் என்று நினைத்து அவன் தாழ்ந்த குரலில் பேசினான். "இல்லக்கா, நெசந்தான். நான் கண்ணால பாத்தேன். இனிமே அவள ஒண்ணும் சொல்லாத. நானே டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டேன்." குரலில் ஒரு கண்டிப்பு இருந்தது. அவளுக்காகப் பரிந்து பேசுவதாகத்தான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான். பத்து வருஷமாக அவன் வாயிலிருந்து வராதா என்று அவள் ஏங்கிய பேச்சு அது. கண்ணை மூடியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஊருக்கு வந்தபின் அவன் மாறித்தான் போனான். வீட்டில் ரொட்டியே வாங்கக்கூடாது என்றான். அக்கா ஒருமுறை பழைய பேச்சை எடுத்தபோது எழுந்து வெளியே போகச் சொன்னான். ஆனால் அவன் ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினால்கூட அவள் வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, வேறு டம்ளரைக் கழுவித் தானே பிடித்துக் குடித்தாள். வேண்டுமென்று செய்யவில்லை. கை அப்படிப் பழகிவிட்டது. அதை அவன் பார்ப்பான். பார்த்ததை அவளும் பார்ப்பாள்.

மழைக்காலம் பிறந்தபோது வேலையிடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துக்கொண்டாள். சாமான்களை அவனேதான் தூக்கிவந்து மாடியேற்றினான். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. எல்லாவற்றையும் வைத்துவிட்டு, வியர்வை வழிய வாசலில் நின்றான்.

"சமையல் பாத்திரம் கனமா இருந்துச்சு. எதுவும் உடையல."

"சரிங்க. பாத்துப் போங்க" என்றாள்.

அவன் படியிறங்கும் சத்தம் அடங்கும்வரை நின்றுவிட்டு, உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.