நாலு இஞ்ச் சைலன்சர்

பல் டாக்டர் அந்த வெள்ளைக் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. டர்போ வைத்த வண்டி; புகையின் வேகத்தில் சுற்றி இன்ஜினுக்குக் காற்றை ஊதி வேகம் கூட்டும் விசிறி அது. வீட்டிலிருந்து கிளினிக் ஆறு கிலோமீட்டர். வழியில் பதினொரு வேகத்தடை, மூன்று சிக்னல், ஒரு பள்ளிக்கூடம். அந்த டர்போ முழு மூச்சில் சுற்றி அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. அதில் அவருக்குக் குறையும் இருக்கவில்லை, மச்சான் அதே மாடலில் கறுப்பு வண்டி வாங்கும்வரை.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. கூரியர் கம்பெனியில் சூப்பர்வைசர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அக்கா வீட்டுக்கு வந்தான். அவன் தெருமுனையில் திரும்பியதுமே வீட்டிலிருந்த எல்லோருக்கும் கேட்டுவிட்டது. மாமனார் கையிலிருந்த டம்ளரோடு வாசலுக்கே போய்விட்டார்.

"மூணு இஞ்ச் சைலன்சர், அத்தான்" என்றான் மச்சான், செருப்பைக் கழற்றும் முன்பே. "டர்போ மூச்சு விட இடம் வேணும்ல."

மாமனார் பக்கத்தில் நின்ற வெள்ளை வண்டியைப் பார்த்தார். "உங்க வண்டி சத்தமே இல்லாம வருது மாப்பிள்ளை. வயசானவங்க ஓட்ட நல்லா இருக்கும்."

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். டாக்டருக்கு நாற்பத்தொரு வயது.

அன்றைக்கே கார் பிரியர்களின் இணையக் குழு ஒன்றில் சேர்ந்தார். அங்கே 'சூறாவளி' என்ற பெயரில் ஒருவர் சந்தேகம் கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார்: "நாலு இஞ்ச் போடு. இல்லாட்டி ஆட்டோல போ." இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவருக்கு விஷயம் தெரியாமல் இருக்காது என்று டாக்டர் முடிவு செய்தார்.

ஊரில் சைலன்சர் வேலைக்குப் பேர்போனவர் ஓர் அம்மாள். கிளினிக்குக்கு அடுத்த தெருவில் சொந்தப் பட்டறை, இருபத்தைந்து வருட வெல்டிங். அந்தப் பட்டறைக்காரம்மா அதே வாரம் கடைவாய்ப் பல் வலியோடு டாக்டரின் நாற்காலியில் வந்து விழுந்தது டாக்டரின் அதிர்ஷ்டம். வாயில் மரப்பு ஊசி போட்டு, எச்சில் உறிஞ்சும் குழாயை மாட்டி, பஞ்சைத் திணித்த பிறகு டாக்டர் பேச்சை எடுத்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும் மேடம். என் வண்டிக்கு நாலு இஞ்ச் போடலாம்னு இருக்கேன். என்ன சொல்றீங்க?"

"ஆங்... ஆ ஆ" என்றார் அந்த அம்மாள்.

"அதான், நானும் அதையேதான் நெனச்சேன்."

அந்த அம்மாள் கையைத் தூக்கி வேகமாக ஆட்டினார்.

"அசையாதீங்க, டிரில் உள்ள இருக்கு. வெள்ளிக்கிழமை வண்டியைக் கொண்டு வரேன்."

வெள்ளிக்கிழமை அந்த அம்மாளுக்குப் பேச்சு திரும்பியிருந்தது. வண்டியை லிஃப்டில் ஏற்றி, டார்ச் அடித்துக் காட்டினார்.

"இங்க பாருங்க டாக்டர். டர்போல இருந்து வெளிய வர்ற குழாய் ரெண்டரை இஞ்ச். உங்க இன்ஜின் தள்ளுற புகைக்கு மூணே தாராளம். நாலு போட்டா சத்தம் கூடும், எடை கூடும், அடியில தட்டும். வேகம் மட்டும் கூடாது."

"டர்போ வண்டிக்குக் குழாய் பெருசா இருந்தா நல்லதுன்னு சொல்றாங்களே?"

"நல்லதுதான். சின்னக் குழாய்னா புகை முட்டிக்கிட்டு நிக்கும், டர்போ சுத்த ஆரம்பிக்க நேரமாகும். முட்டாத அளவுக்கு இருந்தாப் போதும். அதுக்கு மேல வெறும் தகரம்."

"இல்ல, நெட்ல ஒருத்தர் அடிச்சுச் சொல்றார்..."

"அவர் என்ன வண்டி வச்சிருக்கார்?"

டாக்டர் யோசித்தார். அதை அவர் கேட்டதே இல்லை. "அனுபவசாலி" என்றார்.

"உங்க மச்சான் வண்டிக்கு நான்தான் மூணு போட்டேன். அதே வண்டி, அதே அளவு. கண்ணை மூடிக்கிட்டுப் போடலாம்."

இதை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். டாக்டரின் முகம் இறுகியது. "நாலு" என்றார்.

பட்டறைக்காரம்மா ஒரு நோட்டை எடுத்து, 'நாலு இஞ்ச். வேண்டாம் என்று சொல்லியும் கேட்டார்' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். டாக்டர் பட்டத்தையும் சேர்த்துப் போட்டார்.

முதல் நாள் ஊர்வலம்தான். தெருநாய்கள் எழுந்து நின்றன. டாக்டர் ஜன்னலை இறக்கிவிட்டு, யாரையும் பார்க்காததுபோல ஓட்டினார். முதல் வேகத்தடையில் வண்டிக்கு அடியில் கர்ரென்று ஒரு சத்தம். இரண்டாவதிலும் அதே. அடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு தடையையும் நண்டுபோலக் கோணலாக ஏறி இறங்கினார். ஒரு வாரத்தில், தடையே இல்லாத சுற்றுவழி ஒன்றைக் கண்டுபிடித்தார். அது பதினாலு கிலோமீட்டர்.

சீரான வேகத்தில் போனால் வண்டிக்குள் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் எழுந்து மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. கிளினிக்கில் இறங்கி அரைமணி ஆனாலும் காது அடைத்தே இருந்தது. "எந்தப் பல்லுன்னு சொன்னீங்க?" என்று நோயாளிகளிடம் இரண்டு தடவை கேட்டார். பல் பிடுங்க வந்த இரண்டு பேர் இதைக் கேட்டதும் ஃபோன் வந்ததாகச் சொல்லி வெளியே போனார்கள். திரும்பவில்லை.

வீட்டில் மனைவி கம்ப்யூட்டர் வழியாகக் கணக்கு டியூஷன் எடுப்பவள். "கார் ஷெட்டுல நீங்க வண்டியைத் திருப்புனா என் மாணவங்க எல்லாரும் மைக்கை ஆஃப் பண்ணச் சொல்றாங்க. என் மைக்கை" என்றாள்.

"வேகம் வேணும்னா சத்தம் இருக்கும்."

"வேகம் வந்துச்சா?"

அதை நிரூபித்துவிட டாக்டர் துடித்தார். பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் ஷெட் இருந்தது. அங்கே வண்டியை உருளைமேல் ஏற்றி, நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, சக்தியை அளக்கும் மெஷின் உண்டு. சனிக்கிழமை மச்சானையும் வரச் சொன்னார். மனைவியும் கூட வந்தாள். பட்டறைக்காரம்மா வெல்டிங் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தார்.

முதலில் கறுப்பு வண்டி. இருநூற்றுப் பன்னிரண்டு குதிரைசக்தி.

அடுத்து வெள்ளை. ஷெட்டின் தகரக் கூரை அதிர்ந்தது. ஒரு பல்லி கீழே விழுந்தது. சத்தம் அடங்கியதும் மெக்கானிக் திரையைப் படித்தார்.

"இருநூத்திப் பன்னெண்டு."

"இன்னொரு வாட்டி" என்றார் டாக்டர்.

இன்னொரு வாட்டியும் அதேதான் வந்தது.

"டயர்ல காத்து கம்மி" என்றார். பார்த்தார்கள். சரியாக இருந்தது. "ஏசி போட்டிருந்தேனோ?" போடவில்லை. "மெஷின் எப்போ சர்வீஸ் பண்ணீங்க?" மெக்கானிக் டீ குடிக்கப் போனார்.

மனைவி மட்டும் நிதானமாகக் கேட்டாள். "அப்போ அந்த ஒரு இஞ்ச் எங்க போச்சு?"

மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டான். "சத்தத்துக்கு, அக்கா." பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் தன் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

திரும்பும்போது மனைவி கூட இருந்ததால் டாக்டரால் அவளுக்குத் தெரியாத அந்தச் சுற்றுவழியில் போக முடியவில்லை. நாலாவது வேகத்தடையில் கோணலாக ஏற மறந்தார். வெல்டிங் தெறிக்காமல் நின்றது, அந்த அம்மாளின் வேலை அப்படி. குழாயைத் தாங்கிய கொக்கிதான் பிய்த்துக்கொண்டது. வண்டி குழாயைத் தரையில் இழுத்தபடி, தீப்பொறி பறக்க, பள்ளிக்கூட வாசலில் போய் நின்றது. மனைவி இறங்கி நடக்க ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை பட்டறையில் டாக்டர் மெல்லிய குரலில் பேசினார். "மூணே போட்டுடுங்க மேடம்."

அந்த அம்மாள் நோட்டை எடுக்கவில்லை, ஒரு வார்த்தை குத்திக்காட்டவும் இல்லை. குழாயை அளக்கக் குனிந்தார்.

"ஒரு சின்ன உதவி" என்றார் டாக்டர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு. "உள்ள மூணு இருக்கட்டும். பின்னாடி வெளிய தெரியிற வாய் மட்டும்... ஒரு நாலு இஞ்ச் மூடி மாதிரி வச்சு பத்தவச்சிட முடியுமா?"

பட்டறைக்காரம்மா நிமிர்ந்து, வாய் மூடிகள் அடுக்கிய அலமாரியைக் காட்டினார்.

"அஞ்சு கூட இருக்கு டாக்டர்" என்றார். "உங்க மச்சான் காலையில வந்து அதைத்தான் மாட்டிட்டுப் போனார்."

டாக்டர் அலமாரிப் பக்கம் திரும்பினார்.

"ஆறு இருக்கா?"