இடது பக்கத்து ஏர் கிளீனர்

எழுபத்தாறாம் வருஷம் மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த சற்று நேரத்தில், ஈனிட் டீச்சரின் மூச்சு அவள் கணவன் லியோனார்டின் மோட்டார் சைக்கிளுக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் மூச்சு விடவில்லை. சாகவும் இல்லை. திங்கட்கிழமை வழக்கம்போல மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு நடத்தப் போனாள். அந்த வருஷம் ரேஷன் கோதுமையில் கல் அதிகம். புனே கேம்பில் ஜனங்களுக்கு அதைத் திட்டவே நேரம் சரியாக இருந்தது. ஒரு டீச்சரின் நெஞ்சு ஏறி இறங்கவில்லை என்பதையெல்லாம் யார் கவனித்துக்கொண்டிருந்தார்கள்?

வண்டி மிலிட்டரி ஏலத்தில் எடுத்தது. முந்நூற்றைம்பது சி.சி., எருமைக் கனம். லியோனார்ட் கணக்கு ஆபீசில் குமாஸ்தா. வாரம் முழுக்கக் குனிந்த தலை நிமிராதவன், லீவு கிடைத்தால் போதும், நாலு கூட்டாளிகளோடு கோவா, பெல்காம், ரத்னகிரி என்று கிளம்பிவிடுவான். கல்யாணமான புதிதில் நானா பேட்டை மெக்கானிக் பத்ரிநாத்திடம் சொல்லி வண்டியின் இடது பக்கம் சாரி கார்டு போட்டான். சேலை சக்கரத்தில் மாட்டாமல் தடுக்கும் கம்பி, அதன் கீழே காலை வைத்துக்கொள்ள ஒரு மடிப்புத் தகடு. மறு வருஷம் ஈனிட்டுக்கு வயிற்றில் இருந்த பிள்ளை ஆறாம் மாதத்தில் தங்காமல் போனது. அவள் வேளாங்கண்ணி மாதாவுக்கு ஆள் உயர மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். அடுத்த பிள்ளை தங்க வேண்டும், அவ்வளவுதான் வேண்டுதல். “ரயில் எதுக்கு? நம்ம வண்டியிலயே கூட்டிட்டுப் போறேன்” என்று லியோனார்ட் சொன்னான். சொன்னபோது மனசாரத்தான் சொன்னான். பாவி, எல்லாவற்றையும் மனசாரத்தான் சொல்வான்.

ஆனால் மலைப்பாதையில் வண்டி திணறியது. கம்பெனி கொடுத்த காற்று வடிகட்டி ஒரு சின்னத் தகர டப்பா; அதன் வழியாக எஞ்சினுக்குப் போதுமான காற்று போகவில்லை என்று லியோனார்டுக்கு ஒரு எண்ணம் பிடித்துக்கொண்டது. பிள்ளை போனபோதுகூட இரவில் நன்றாகத் தூங்கியவன் இதற்காகப் புரண்டு புரண்டு படுத்தான். கடைசியில் பம்பாயிலிருந்து கப்பல் சாமான் ஒன்று வந்தது: கவிழ்த்த குண்டான் அளவுக்கு, பளபளவென்று மூடி போட்ட ஏர் கிளீனர். உள்ளே கை மொத்தத்துக்கு ஃபோம் பஞ்சு. அந்த ஞாயிற்றுக்கிழமை பத்ரிநாத் வீட்டுக்கே வந்து மாட்டினான். அது உட்கார இடது பக்கத்தில் இடம் வேண்டியிருந்ததால் சாரி கார்டையும் கால் தகட்டையும் கழற்றிச் சுவரோரம் சாய்த்தான்.

ஈனிட் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து பார்த்தாள். “ஏங்க, அப்போ நான் காலை எங்க வைக்கிறது?” என்று கேட்டாள். “கார்புரேட்டர் வாய் இந்தப் பக்கம்தான் பாத்திருக்கு ஈனிட், வேற வழியே இல்ல. அத விடு. நல்லா இழுக்குதான்னு கையை வச்சுப் பாரு” என்றான் லியோனார்ட். அவள் குனிந்து உள்ளங்கையை வைத்தாள். எஞ்சின் சத்தத்தில் தான் கேட்டது அவனுக்குச் சரியாக விழவில்லையோ என்று நினைத்து, “நான் எங்கங்க உக்காருறது?” என்று மறுபடி வாயைத் திறந்தாள். அந்த நேரம் பத்ரிநாத் ஆக்ஸிலேட்டரை முறுக்கினான். திறந்த வாய் வழியாக மூச்சு முழுவதும் போய்விட்டது. வண்டி ஒருமுறை குலுங்கி, அதுவரை இல்லாத ஒரு சீரான தாளத்துக்கு வந்தது. ஏக்தம் ஃபஸ்ட் கிளாஸ் என்று சொல்லிவிட்டு பத்ரிநாத் டீயைக் குடித்தான்.

கேம்ப் டாக்டர் அவள் மூக்கடியில் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தார், பனி படியவில்லை. நாடி நன்றாக இருந்ததால் டானிக் எழுதிக் கொடுத்தார். மூச்சில்லாமல் பேச்சு எப்படி வந்தது என்று கேட்கக் கூடாது, வந்தது. சூடான காப்பியை ஊதிக் குடிக்க மட்டும் முடியாது, பள்ளிக்கூடத்தில் பிறந்தநாள் மெழுகுவர்த்தியை ஊதி அணைக்க முடியாது. மற்றபடி கஷ்டம் மூக்கில்தான் இருந்தது. வண்டி எதை இழுக்கிறதோ அதுதான் அவளுக்கு மணக்கும். வண்டி நின்றால் ஒன்றும் மணக்காது. அவன் கோலாப்பூர் தாண்டும்போது கேம்ப் அடுப்படியில் அவளுக்கு வெல்லப்பாகு வாசனை வரும். பெல்காமில் மழை பெய்தால் மண்வாசனை. கோவா பக்கம் முந்திரிப் பழமும் சாராயமும் கருவாடும். கண்ணெதிரே ஸ்டவ்வில் சோறு தீய்வது மட்டும் தெரியாது. வாரம் ஒரு தடவையாவது தீய்ந்தது.

விஷயத்தை அவள் லியோனார்டிடம் சொன்னாள். அவன் கோபப்படவில்லை, சிரிக்கவில்லை, பொய் என்றும் சொல்லவில்லை. முகமெல்லாம் மலர்ந்துபோய், “அதானே பாத்தேன்! கட்ராஜ் ஏத்தத்துல டாப் கியர்லயே போகுது, எங்கேருந்து இந்த இழுவைன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன்” என்றான். அடித்திருந்தால்கூட மன்னிக்கலாம். அந்தச் சந்தோஷத்தை எப்படி மன்னிப்பது? கழற்றித் தாருங்கள் என்றதற்கு, இந்த டூர் முடியட்டும் என்றான். ஒவ்வொரு டூருக்கும் அதையே சொன்னான்.

ஃபோம் பஞ்சை மாதாமாதம் மண்ணெண்ணெயில் அலசி, எண்ணெய் தொட்டுப் பிழிந்து மாட்ட வேண்டும். லியோனார்டுக்குக் கையில் அரிக்கும் என்பதால் அந்த வேலை ஈனிட்டுக்கு வந்தது. பஞ்சைப் பிழியும்போது அவள் நெஞ்சு நசுங்கும். ஆகவே மெதுவாகப் பிழியப் பழகினாள். ஒருதரம் ஆத்திரத்தில் பஞ்சை அரிசி டின்னில் ஒளித்து வைத்தாள். அது இல்லாவிட்டால் போக மாட்டான் என்று நினைத்தாள். அவன் வெறும் மூடியோடு மகாபலேஷ்வர் போய் வந்தான். மலைப்பாதையின் செம்மண் முழுக்க நேராக உள்ளே இறங்க, அவள் ஒரு வாரம் செம்மண்ணாக இருமினாள். பிறகு பஞ்சைத் தன் கையாலேயே எடுத்து மாட்டினாள். அதன்பின் அந்தப் பஞ்சைப்போலச் சுத்தமான பஞ்சு மகாராஷ்டிரத்தில் எந்த வண்டியிலும் இருந்ததில்லை.

எழுபத்தொன்பதில் கூட்டாளிகள் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு டூர் போட்டார்கள். இத்தனை தூரம் கால் வைக்க இடமில்லாமல் எப்படி உட்கார்ந்து வருவாய் என்று லியோனார்ட் மிகுந்த அக்கறையோடு கேட்டான். மெழுகுவர்த்தியை அங்கேயே வாங்கி ஏற்றிவிடுவதாகச் சொன்னான். அவள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். நெல்வயல் வந்தது, ஆற்று மணல் வந்தது, பிறகு உப்புக் காற்று. அத்தோடு நின்றது. அவர்கள் வண்டிகளைக் கடலோரத்து லாட்ஜில் நிறுத்திவிட்டு நடந்து போய்விட்டார்கள். மாதா கோயிலிலிருந்து அவளுக்குக் கிடைத்ததெல்லாம் பொரித்த மீன் வாசனையும், தூரத்தில் யாரோ ஏற்றிய மெழுகுவர்த்தியின் லேசான புகையும்தான். அவன் திரும்பி வந்ததும், ஏற்றினீர்களா என்று கேட்டாள். “அடடா! என்னா கூட்டம்ங்கிற ஈனிட், மறந்தே போச்சு” என்றான். வேளாங்கண்ணி எண்ணெய் ஒரு குப்பி கொண்டுவந்திருந்தான். பக்கத்து வீட்டு ஆரோக்கியமணி மட்டும் விடாமல், “மூக்கு அங்க போனா ஆளே போன கணக்குத்தான் டீச்சர், மாதாவுக்குத் தெரியாதா?” என்று ஆறுதல் சொன்னாள். பிள்ளை தங்கவில்லை. மூச்சு தங்காத உடம்பில் பிள்ளை எப்படித் தங்கும்?

எண்பத்தைந்தில் லியோனார்டின் முதுகெலும்பு இடம் விட்டு விலகியது. ஊரில் லேசான புது வண்டிகள் வந்துவிட்டன. அவனும் ஒன்று வாங்கிக்கொண்டு, பழையதைக் கட்கி வெடிமருந்து ஆலையில் வேலை பார்த்த சுந்தரமூர்த்திக்கு விற்றான். ஏர் கிளீனரை மட்டும் கழற்றித் தரச் சொல்லி ஈனிட் கேட்டாள். “அதோட சேத்துத்தான் பேசினேன், வாக்கு மாறச் சொல்றியா?” என்றான். வாக்கைப் பற்றி அவன் சொன்னதைக் கேட்டு அவள் சிரித்தாள். சிரிப்பிலும் காற்று இல்லை.

அவளே பஸ் பிடித்து நானா பேட்டைக்குப் போனாள். சுந்தரமூர்த்தியும் அவன் மனைவி பார்வதியும் பத்ரிநாத்தின் கடை வாசலில் நின்றிருந்தார்கள். பத்ரிநாத் வண்டியின் இடது பக்கம் புது சாரி கார்டை முடுக்கிக்கொண்டிருந்தான். இடம் விட்டுக் கழன்ற ஏர் கிளீனர் பழைய குழாயில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்படியானால் ஏர் கிளீனர் எங்கே போகும் என்று ஈனிட் கேட்டாள். வலது பக்கம், என்றான் அவன். வளைந்த ரப்பர் குழாய் ஒன்று, ஒரு பட்டைக் கம்பி, டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். முதலில் மாட்டிய அன்றைக்கும் லியோனார்ட் சாகிபிடம் அதைத்தான் சொன்னதாகவும், சாகிப் வேண்டாம் என்றதாகவும் ஸ்பேனரைத் திருகிக்கொண்டே சொன்னான். சாகிப் சொன்னதை அப்படியே சொன்னான்: “உதர் கோன் பைட்தா ஹை?” அங்கே யார் உட்காருகிறார்கள்?

இத்தனை வருஷமாகக் கார்புரேட்டரின் வாய் அந்தப் பக்கம்தான் பார்த்திருக்கிறது, வேறு வழியில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவளே விளக்கம் சொல்லியிருந்தாள். பத்ரிநாத் பழைய குழாயை உருவினான். ஈனிட்டின் நெஞ்சு ஒருமுறை மேலே எழுந்தது. கிரீஸ், எதிர்க்கடையில் வேகும் வடை, பார்வதி தலையில் வைத்திருந்த மல்லிகை, எல்லாம் ஒன்றாக உள்ளே வந்தன. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். முகம் போன போக்கைப் பார்த்த சுந்தரமூர்த்தி பதறிப்போய், “வேணும்னா எடுத்துக்கிட்டுப் போங்க டீச்சர், நான் வேற போட்டுக்கிறேன்” என்றான். நல்ல மனுஷன். அதற்குள் பார்வதி சீட்டில் பக்கவாட்டில் ஏறி உட்கார்ந்து, காலைத் தகட்டில் வைத்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “நீங்க இதுல எந்தெந்த ஊருக்கெல்லாம் போயிருக்கீங்க டீச்சர்?” என்று ஆசையாகக் கேட்டாள்.

“எல்லா ஊருக்கும்” என்றாள் ஈனிட்.

இந்த மூச்சை வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்வது? இழுத்தால் அவன் பூட்ஸ் நாற்றம், விட்டால் பெருமூச்சு. வலது பக்கமே மாட்டிவிடச் சொன்னாள். பஞ்சை எப்படி அலச வேண்டும், எவ்வளவு மெதுவாகப் பிழிய வேண்டும் என்று பார்வதிக்குச் சொல்லிக் கொடுத்தாள். என்றைக்காவது வேளாங்கண்ணி பக்கம் போனால், எஞ்சினை நிறுத்தாமல் கோயில் வாசல் வரைக்கும் கொண்டுபோகச் சொன்னாள். பத்ரிநாத் புதுக் குழாயைச் செருகினான். அவள் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு ஆளந்திக் கோயில் கற்பூரம் வந்தது, லோனாவ்லாவின் மழைப்புல் வந்தது, எங்கே போனாலும் கூடவே கொஞ்சம் மல்லிகையும் வந்தது. எண்பத்தேழு செப்டம்பரில் ஒருநாள் மெழுகு வாசனை வந்தது. தூரத்துப் புகை இல்லை. நூற்றுக்கணக்கில் உருகும் மெழுகு, முகத்துக்கு நேரே. அவள் அடுப்படித் தரையில் முழங்காலிட்டாள். “சோறு தீயுது ஈனிட்! வண்டியத்தான் வித்தாச்சே, இன்னும் என்ன?” என்று கூடத்திலிருந்து லியோனார்ட் கத்தினான்.

“கோயில் வாசல்ல நிக்கிறாங்க. கொஞ்சம் இருங்க.”

வாசனை நின்றபிறகு எழுந்து, அடியில் பிடித்ததைச் சுரண்டி அவன் தட்டில் போட்டாள். அவன் சாப்பிட்டான்.