மெத்தைக் கடையின் பெயரில்

ஐந்தாவது முறையும் கடிதம் திரும்பி வந்துவிட்டது. சுமைதூக்குவோர் சங்கத்தின் செயலாளர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, திரையில் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக நகர்ந்தார். முப்பத்தெட்டு வயதில் எழுத்துக் கற்றவர். ஒரு வரியை விட்டுத் தாண்ட அவருக்கு வராது. கிடங்கைப் புதிதாக எடுத்திருக்கும் ஒப்பந்தக்காரரின் அலுவலகம் வேறு ஊரில் இருந்தது. வேலை செய்யும் ஆட்களின் பட்டியல் இன்று நாலு மணிக்குள், சங்கத்தின் சொந்த முகவரியிலிருந்து மெயிலில் வர வேண்டும், இல்லையென்றால் நாளைக் காலை வேறு ஆட்கள் இறங்குவார்கள் என்று சொல்லிவிட்டார்கள். பட்டியலில் நாற்பத்தொரு பேர். மணி மூன்று.

மெயிலுக்காக ஒரு சர்வரை வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தவன் அவருடைய மனைவியின் தம்பி. கேபிள் இழுப்பது அவன் தொழில். பக்கத்தில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"அதையே எத்தனை தடவ படிப்பீங்க மாமா? சினிமாப் பாட்டா அது?"

"இரு மாப்ள. கடைசியில ஏதோ மெத்தைக் கடைன்னு போட்டிருக்கே."

"அது நமக்கு முன்னாடி இந்த சர்வரோட நம்பர வச்சிருந்தவங்க. லெட்டர வாங்குற மெஷின், இந்த நம்பர் யாருதுன்னு திருப்பிக் கேக்கும். மெத்தைக் கடைன்னு பதில் போகுது. லெட்டர்ல சங்கம்னு இருக்கு. அதான் சந்தேகப்பட்டுத் தள்ளி விடுது."

"மூட்ட தூக்குறவனுக்கு மெத்த வேற. மாத்த வேண்டியதுதானே?"

"நேத்திலேருந்து நாலு தடவ நம்ம பேரப் போட்டுட்டேன். பச்ச டிக் விழுது, ஆனா மாறல."

"எங்க போட்ட?"

"மெயில் முகவரிக்குன்னு நம்ம பேர வாங்கினோமே, அந்தக் கம்பெனியில."

செயலாளர் விரலை எடுத்தார். கிடங்கில் பெட்டியின் மேல் அனுப்புகிறவன் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். பெட்டி உட்காரும் அடுக்கின் பலகையில் கிடங்குக்காரன் மட்டும்தான் எழுதுவான். ஒருமுறை அவசரத்தில் அவரே பலகையில் சாக்பீஸால் எழுதிவிட்டார். கணக்குப் பார்க்கிறவன் அதைச் சீண்டவேயில்லை. மொத்த லோடையும் இறக்கி மறுபடி ஏற்றியது தோளுக்கு இன்னும் மறக்கவில்லை.

"நம்பர் யாரோடது மாப்ள?"

"சர்வர் வாடகைக்கு விட்டவங்களோடது."

"அப்ப அதுக்குப் பேரு அவங்ககிட்டதானே எழுதணும்? நீ வேற வீட்டுச் செவுத்துல எழுதிட்டு டிக் விழுதுங்கிற."

மச்சினன் வாயிலிருந்து விரலை எடுத்தான். பிறகு போனை எடுத்தான்.

வாடகைக்கு விட்ட கம்பெனியில் ஒரு பெண் பேசினாள். ஆமாம், அங்கேதான் மாற்ற வேண்டும். சங்கத்தின் பெயரைக் கேட்டால் இந்த எண் வருகிறதா என்று முதலில் பார்த்தாள். வந்தது. அதன் பிறகுதான் எண்ணுக்கு எதிரே பெயரை எழுதும் கட்டத்தைக் காட்டிக் கொடுத்தாள். செயலாளர் ஒவ்வொரு எழுத்தையும் உரக்கச் சொல்ல, மச்சினன் தட்டினான்.

"மாறிடுச்சு சார். ஆனா ஏற்கனவே கேட்டுட்டுப் போன மெஷின் எல்லாம் பழைய பதிலையே கொஞ்ச நேரம் ஞாபகம் வச்சிருக்கும். ஒரு மணி நேரம்கூட ஆகலாம்."

"மெஷினுக்கு யாரும்மா மறக்கச் சொல்லித் தர்றது?" என்றார் செயலாளர். அவள் சிரித்தாளா என்று தெரியவில்லை, போன் வைக்கப்பட்டது.

மூன்றரைக்கு மச்சினன் தன் கணினியில் எண்ணைக் கொடுத்துக் கேட்டுப் பார்த்தான். சங்கத்தின் பெயர் வந்தது. அனுப்பினார்கள். ஒரே நிமிடத்தில் திரும்பி வந்தது. கடைசி வரியில் அதே மெத்தைக் கடை. ஒப்பந்தக்காரரின் ஊரில் இருக்கும் மெஷினின் ஞாபகத்துக்குள் கைவிட இங்கிருந்து வழியில்லை. மச்சினன் தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். "அக்கா என்னைய வீட்டுக்குள்ள சேக்காது மாமா."

"உன் அக்கா என்னையே சேக்க மாட்டா. எந்திரி."

மூன்று ஐம்பத்திரண்டுக்கு மறுபடி அனுப்பினார்கள். ஒரு நிமிடம் போனது. இரண்டு. எதுவும் திரும்பி வரவில்லை. ஏற்றுக்கொண்டதா, எங்கேயாவது நடுவில் நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்று சொல்ல எவருமில்லை.

ஷிப்ட் முடிந்த ஆட்கள் வெளியே ஜன்னலை ஒட்டிக் கூடியிருந்தார்கள். முன்னால் நின்றவன், என்னாச்சு என்று கையை மலர்த்திக் கேட்டான். செயலாளர் திரையை இரண்டு கையாலும் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தார். வெயில் பட்ட கண்ணாடியில் ஒரு எழுத்தும் தெரியவில்லை. அவர்களுடைய முகங்கள்தான் தெரிந்தன. பின்னாலிருந்து எட்டிப் பார்த்த ஒருவன் அதில் பார்த்துத் தலைமுடியைக் கோதிக்கொண்டான்.