நாலாவது விநாடி

கண் மருத்துவமனை ஒன்றின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நோயாளி யாராவது நேரம் பதிந்தால், சர்வரில் நான் எழுதி வைத்த ஸ்கிரிப்ட் என்ற குட்டி நிரல் விழித்துக்கொண்டு, விவரத்தைக் குறித்து, மின்னஞ்சல் அனுப்பிவிட்டு மறுபடி படுத்துவிடும். அஞ்சலில் ரத்து செய்ய ஓர் இணைப்பும் இருக்கும். அதைத் திறந்தால் இன்னொரு ஸ்கிரிப்ட் எழுந்து பதிவை அழித்துவிடும்.

இரண்டு வாரமாகப் பல பதிவுகள் தாமாகவே ரத்தாகின. வந்து நின்ற நோயாளிகள் வரவேற்பு மேசையில் கத்தினார்கள். அந்த மேசையில் இருப்பவள் என் மச்சினி. வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். ரத்துக் கோரிக்கைகள் எல்லாம் மருத்துவமனைக்குள்ளிருந்தே வருவதைக் கண்டதும் எனக்குப் பொறி தட்டியது. கூட்டம் குறைந்தால் யாருக்கு நிம்மதி? என் நிழலையே நம்பாதவன் நான், இவளை விடுவேனா? மேலாளரின் காதில் போட்டு வைத்தேன்: "முன்னாடி இருக்கிற பொண்ணைக் கொஞ்சம் கவனிங்க." அவர் கவனிக்கவெல்லாம் இல்லை. வெள்ளிக்கிழமையோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்.

"மாமா, நான் எதையும் தொடவே இல்ல. நீங்கதான் பாத்துச் சொல்லணும்," என்றாள்.

முகத்தைப் பார்க்காமல் தலையாட்டினேன். கையும் களவுமாகப் பிடிக்கத்தான் சர்வரின் பதிவேட்டைத் திறந்தேன்.

ஞாயிற்றுக்கிழமையிலும் ரத்துகள். அன்று வரவேற்பறையே பூட்டு. ஒவ்வொன்றும் அஞ்சல் கிளம்பிய நாலாவது விநாடியில். மனிதக் கைக்கு அத்தனை வேகம் ஏது? வைரஸுக்குப் பயந்து, வெளியே போகும் அஞ்சல்களைச் சோதிக்க ஒரு காவல் மென்பொருளை இரண்டு வாரம் முன்புதான் மருத்துவமனைக்குள்ளேயே போட்டிருந்தேன். சந்தேகம் வந்தால் அது அஞ்சலில் உள்ள இணைப்பையெல்லாம் திறந்து பார்க்கும். திறந்தது ஆளா, மென்பொருளா என்று என் ஸ்கிரிப்ட் பார்ப்பதில்லை. 'நிச்சயமா?' என்று கேட்க ஒரு பொத்தான்கூட நான் வைக்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அச்செடுத்த தாள்களோடு மேலாளர் அறைக்கு ஓடினேன். மச்சினி அங்கே மேசைச் சாவியை ஒப்படைத்துக்கொண்டிருந்தாள்.

"தப்பு என்னோடது சார். இவ மேல ஒண்ணும் இல்ல," என்று எல்லாவற்றையும் காட்டினேன்.

அவள் கண் கலங்கியது. "எனக்குத் தெரியும், நீங்க எப்படியும் கண்டுபிடிச்சிருவீங்கன்னு."

மேலாளர் சாவியை அவள் பக்கம் தள்ளினார். "நல்ல வேளை. நீங்க சொன்னீங்கன்னுதான் இந்தப் பொண்ணை அனுப்பப் பாத்தேன்."

அவள் சாவியை எடுக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்:

"அக்காவுக்குத் தெரியுமா?"